பிழை எந்த மேசையில் நேர்ந்தது?

நாணயம் அசலா, அதன் நிலை என்ன என்று கட்டணம் பெற்று மதிப்பிடும் நிறுவனத்துக்கு அனுப்பிய நாணயம் பிளாஸ்டிக் உறைக்குள் அடைபட்டுத் திரும்பி வரும்போது, சேகரிப்பாளர்களில் பெரும்பாலோர் லேபிளில் உள்ள தர எண்ணை, அதாவது 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் அதற்குக் கிடைத்த இடத்தை மட்டுமே பார்க்கிறார்கள். 65 வரும் என்று நம்பியிருந்த இடத்தில் 63 வந்திருந்தால் மனம் கொதிக்கிறது. உடனே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதக் கை பரபரக்கிறது. அதே லேபிளில் நாணயச்சாலைக் குறி (நாணயம் எந்தச் சாலையில் அடிக்கப்பட்டது என்று காட்டும் சிறு எழுத்து) தவறாக அச்சாகியிருந்தாலோ, ஆண்டின் கடைசி இலக்கம் மாறியிருந்தாலோ, அது பல மாதங்கள் கழித்து, வாங்க வந்தவர் சுட்டிக்காட்டும்போதுதான் தெரிய வருகிறது. என் பார்வையில் இந்தக் கோபமும் இந்த அலட்சியமும் இடம் மாறி நிற்கின்றன. எண்ணைப் பற்றிய வாதத்தில் நமக்குக் கிடைக்கக்கூடியது மிகக் குறைவு. லேபிள் பிழையிலோ நியாயம் முழுவதும் நம் பக்கம் இருக்கிறது. அதைத் திருத்தித் தருவதற்கான ஏற்பாடும் நிறுவனத்திடம் ஆயத்தமாக இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, அனுப்பிய நாணயம் அந்தக் கட்டடத்துக்குள் எந்தெந்தக் கைகளைக் கடந்து செல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் பொட்டலம் பிரிக்கப்பட்டு, நம் படிவத்தோடு ஒப்பிடப்பட்டு, ஒவ்வொரு நாணயமும் கணினியில் பதிவாகிறது. அந்த இடத்திலேயே உரிமையாளர் பெயர் மறைந்து, ஓர் எண்ணும் ஒரு பட்டைக் குறியீடும் மட்டுமே நாணயத்தோடு பயணம் செய்கின்றன. அதன்பின் இரண்டு அல்லது மூன்று மதிப்பீட்டாளர்கள் ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாத வகையில் அதைப் பார்க்கிறார்கள். அவர்களுக்குள் வேறுபாடு இருந்தால் மூத்தவர் ஒருவர் முடிவு செய்கிறார். பிறகு லேபிள் அச்சாகிறது, நாணயம் உறைக்குள் வைக்கப்பட்டு மீயொலி அதிர்வால் மூடப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது, இறுதிச் சரிபார்ப்பு நடக்கிறது, பொட்டலம் கட்டப்படுகிறது. ஆக, ஒரே கூரையின்கீழ் மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. இந்த நாணயம் அசல்தானா என்று சொல்வது ஒன்று. அதன் நிலை என்ன என்று கருத்துச் சொல்வது இன்னொன்று. சொன்னதைச் சரியான லேபிளில், சரியான நாணயத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்புவது மூன்றாவது. பிழை இந்த மூன்றில் எந்த மேசையில் நேர்ந்தது என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளாமல் எழுதப்படும் புகார்கள்தான் மாதக்கணக்கில் இழுபடுகின்றன.

மூன்றாவது மேசையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதிகமான பிழைகள் அங்கேதான் நேர்கின்றன. ஆண்டு, நாணயச்சாலைக் குறி, மதிப்பு, அச்சு வகை (ஒரே நாணயத்தில் அச்சின் சிறு வேறுபாட்டால் உண்டாகும் வகை), முந்தைய சேகரிப்பின் பெயர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று லேபிளில் தவறாக இருப்பதைத் துறைக்காரர்கள் மெக்கானிக்கல் எரர் என்றே குறிப்பிடுகிறார்கள். நாணயம் தலைகீழாகவோ முன்பக்கம் பின்பக்கமாகவோ அடைபட்டிருப்பதும், உறைக்குள் நூலிழையோ தூசியோ சிக்கியிருப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றில் மிகவும் வஞ்சகமானது, ஒரே தொகுதியில் அடுத்தடுத்து இருந்த இரண்டு நாணயங்களின் லேபிள்கள் ஒன்றுக்கொன்று மாறிப்போவது. ஒரே வகை, ஒரே ஆண்டு, தரத்தில் மட்டும் வேறுபாடு என்றால் லேபிளைப் படித்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

எனக்கு நேர்ந்ததும் அதுதான். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எந்த நிறுவனத்திலும் நடக்கக்கூடியது. ஒரே ஆண்டைச் சேர்ந்த இரண்டு வெள்ளி நாணயங்களை ஒரே பொட்டலத்தில் அனுப்பியிருந்தேன். ஒன்றின் முன்பக்க வெளியில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஒரு தழும்பு இருந்தது. மற்றது ஏறக்குறையத் தூய்மையானது. திரும்பி வந்தபோது தழும்புள்ள நாணயத்துக்கு இரண்டு புள்ளிகள் அதிகமாகவும், தூய்மையானதற்கு இரண்டு புள்ளிகள் குறைவாகவும் இருந்தன. மதிப்பீட்டாளர்களுக்குக் கண் இல்லையா என்று கேட்கத் தோன்றும் இடம் அது. ஆனால் இரண்டு முடிவுகளும் ஒரே அளவில், எதிரெதிர்த் திசையில் பிசகியிருந்ததுதான் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது: மதிப்பீடு சரியாக நடந்திருக்கிறது, உறையிடும் மேசையில் நாணயங்கள் இடம் மாறியிருக்கின்றன. அனுப்புவதற்கு முன் எடுத்த படங்களில் எந்தக் கவர் எந்த வரிசை எண்ணுக்கு உரியது என்பது பதிவாகியிருந்ததால், நான் எழுதிய கடிதம் நான்கே வரிகளில் முடிந்தது. தரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அவர்கள் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே சான்றுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாணயம் கையை விட்டுப் போன பிறகு திரட்டப்படும் எந்தச் சான்றுக்கும் பெரிய மதிப்பில்லை. அனுப்புவதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். விளிம்பில் எழுத்தோ அடிபட்ட குறியோ இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். எடையை நூறில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நாணயத்துக்கு மட்டுமே உரிய ஓர் அடையாளத்தை, அதாவது ஒரு கீறலையோ நிறத் திட்டையோ அச்சு வெடிப்பின் கோட்டையோ, அது எந்த எழுத்துக்கு அருகில் இருக்கிறது என்ற விவரத்தோடு எழுதிவைப்பது, பின்னால் தகராறு வரும்போது பத்துப் பக்கக் கடிதத்தைவிட அதிகம் பேசும். ஒவ்வொரு நாணயத்தையும் பிவிசி கலக்காத, மென்மையான தனிக் கவரில் வைத்து, படிவத்தில் உள்ள வரிசை எண்ணைக் கவரின் மேலும் எழுதி, கவரோடு சேர்த்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும். ஸ்டேப்ளர் ஊசி பொட்டலத்தின் அருகிலேயே வரக் கூடாது. படிவத்தின் நகல், கட்டும்போது எடுத்த சிறு காணொளி, அஞ்சல் எண், பெற்றுக்கொண்டதற்கான கையொப்பச் சான்று ஆகியவை ஒரே கோப்பில் இருந்தால் போதும். திரும்பி வந்த நாணயத்தில் முன்பு இல்லாத கீறல் ஒன்று தென்பட்டால், அதை நிறுவனத்தின்மேல் சாட்டுவதற்கு இந்த முன்படங்களைத் தவிர வேறு வழி கிடையாது. படம் இல்லாதவரின் சொல்லை எந்த நிறுவனமும் ஏற்காது, ஏற்கவும் முடியாது.

பொட்டலம் திரும்பி வந்த அன்றே சரிபார்ப்பை முடித்துவிடுவது நல்லது. லேபிளைப் படிவத்தோடும், நாணயத்தைப் பழைய படத்தோடும் ஒப்பிட்டுவிட்டு, சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் இணையத் தரவுத்தளத்தில் இட்டுப் பார்க்க வேண்டும். அங்கே விவரம் சரியாக இருந்து லேபிளில் மட்டும் தவறு இருந்தால் அச்சுப் பிழை; இரண்டிலும் ஒரே தவறு இருந்தால் பதிவு மேசையிலேயே பிழை புகுந்திருக்கிறது; உறைக்குள் இருப்பது அந்த வரிசை எண்ணுக்கு உரிய பழைய படத்தோடு பொருந்தாமல் வேறொரு நாணயமாக இருந்தால் இடமாற்றம் நடந்திருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிட்டால், அதைப் படிக்கும் ஊழியர் எந்தத் துறைக்கு அனுப்ப வேண்டும் என்பதை நாமே சொல்லிவிட்டவர்களாகிறோம்.

கடிதம் சுருக்கமாக இருக்க வேண்டும். ஆர்டர் எண், வரிசை எண், சான்றிதழ் எண், லேபிளில் இருப்பது என்ன, இருக்க வேண்டியது என்ன, இரண்டு படங்கள், இவ்வளவே போதும். பல நேரங்களில் படத்தைப் பார்த்தே ஒப்புக்கொண்டு, திருத்தத்துக்கு அனுப்புவதற்கான வழிமுறையைத் தந்துவிடுகிறார்கள். பிழை அவர்களுடையது என்றால் திருத்தத்துக்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் போகும் அஞ்சல் செலவும் வரும் அஞ்சல் செலவும் யாருடையவை என்பதை அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். உறையை எக்காரணம் கொண்டும் நாமே உடைக்கக் கூடாது. உறை முழுமையாக இருக்கும்வரைதான், தங்கள் தீர்ப்பு தவறினால் பொறுப்பேற்பதாக நிறுவனம் தரும் உத்தரவாதத்துக்கு உயிர் இருக்கிறது. உடைத்த கணத்தில் அது வெறும் நாணயம், லேபிள் வெறும் காகிதம். இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்வேன்: லேபிள் பிழையைப் பற்றிய கடிதத்தில், “தரமும் குறைவாகப் போட்டிருக்கிறீர்கள்” என்ற வரியைச் சேர்க்கவே கூடாது. அந்த ஒரு வரி, சில நாட்களில் முடியவேண்டிய எழுத்தர் வேலையை மதிப்பீட்டாளர் மேசைக்குத் தள்ளி, வரிசையின் கடைசியில் நிறுத்திவிடும்.

இப்படிப்பட்ட பிழையை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. பிழை லேபிளைத் தேடிச் சேகரிக்கும் விசித்திரமான கூட்டம் ஒன்றும் இருக்கிறது, அது வேறு கதை. ஆனால் பெரிய நிறுவனங்களின் உத்தரவாத விதிகள், பார்த்த மாத்திரத்தில் தெரியக்கூடிய எழுத்தர் பிழைகளைத் தெளிவாக விலக்கிவைத்திருக்கின்றன. சாதாரண ஆண்டு நாணயம் அரிய ஆண்டின் லேபிளோடு உறைக்குள் இருந்தால், அரிய ஆண்டின் விலை கொடுத்து வாங்கியவர் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க முடியாது. நாணயத்திலேயே ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறதே என்பார்கள். ஆகவே வாங்குபவர் லேபிளை நம்பாமல் நாணயத்தைப் படிக்க வேண்டும். பிழை தெரிந்தே விற்பவரைப் பற்றி நான் நல்ல வார்த்தை எதுவும் சொல்லப் போவதில்லை.

நிறுவனத்தின் பிழை போலத் தோன்றி, உண்மையில் அப்படி இல்லாதவையும் சில இருக்கின்றன. அச்சு வகையைக் கண்டறிந்து லேபிளில் குறிப்பது பெரும்பாலும் தனிக் கட்டணச் சேவை. இரட்டை அச்சு உள்ள நாணயத்தை அனுப்பிவிட்டு, படிவத்தில் அந்தச் சேவையைக் கேட்காமல் விட்டால், லேபிளில் அது இடம்பெறாது. அதைப் பிழை என்று சொல்லி இலவசத் திருத்தம் கேட்க முடியாது. அறிவித்த மதிப்பு நாம் தேர்ந்தெடுத்த கட்டண அடுக்கின் வரம்பை மீறினால் நாணயத்தை மேல் அடுக்குக்கு மாற்றிக் கூடுதல் தொகை வசூலிப்பதும் அப்படித்தான்: எரிச்சலூட்டும், ஆனால் விதிப்படி நடப்பது.

முதல் மேசைக்கு, அதாவது அசலா போலியா என்ற கேள்விக்கு வருவோம். இங்கே பிழை அரிதாகத்தான் நேர்கிறது, நேர்ந்தால் பெரிதாக நேர்கிறது. இதற்கு நல்ல சான்று, அமெரிக்காவின் பழைய வெள்ளி நாணயங்களான மார்கன் டாலர்களில் இருக்கிறது. 1896, 1900, 1902 ஆகிய ஆண்டுகளைத் தாங்கி, நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையின் ஓ குறி வழக்கத்தைவிடச் சிறியதாக உள்ள நாணயங்கள் நெடுங்காலம் அசல் வகைகளாகவே ஏற்கப்பட்டு, சான்றும் பெற்றன. மூன்று வெவ்வேறு ஆண்டுகளின் பின்பக்கங்களும் ஒரே அச்சின் அடையாளங்களைத் தாங்கியிருப்பதை நுணுகிப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டறிந்த பிறகு, 2005இல் அவை அந்தக் காலத்திலேயே புழக்கத்தில் விடுவதற்காக, வார்ப்பாக அல்லாமல் அச்சால் அடித்துச் செய்யப்பட்ட போலிகள் என்று அமெரிக்கத் தரமதிப்பீட்டு நிறுவனமான பிசிஜிஎஸ் அறிவித்தது. அதே சிறிய குறியோடு வரும் 1899 நாணயம் அசல்தான் என்பது இந்தக் கதையின் சுவையான திருப்பம். திறமையான மதிப்பீட்டாளர்களும் பல பத்தாண்டுகள் தவறாகக் கருத முடியும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படித் தவறினால் யார் பொறுப்பேற்பது என்பதற்கு உத்தரவாதம் என்ற ஒன்று இருப்பதால்தான் இந்த நிறுவனங்களுக்குக் கட்டணம் தருகிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த உத்தரவாதத்தைக் கோரும் முன் விதிகளை ஒருமுறை முழுமையாகப் படித்துவிட வேண்டும், ஏனெனில் விலக்குகள் நிறைய. செம்பு நாணயத்தின் சிவப்பு நிறம் காலப்போக்கில் பழுப்பாவதும், நவீன வெள்ளி நாணயங்களில் உறையிட்ட பிறகு தோன்றும் பால்நிறப் புள்ளிகளும் பொதுவாக விலக்கப்பட்டவை அல்லது வரம்புக்கு உட்பட்டவை. உறையே போலியாக இருந்தால் எந்த உத்தரவாதமும் செல்லாது. 2008 வாக்கில் பெரிய நிறுவனங்களின் உறைகளும் லேபிள்களும் போலியாகத் தயாரிக்கப்படுவது வெளிச்சத்துக்கு வந்தது. போலிக்காரர்கள் உண்மையான சான்றிதழ் எண்களையே நகலெடுத்து அச்சிட்டிருந்ததால், எண் தரவுத்தளத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதாது, அங்குள்ள படமும் கையில் உள்ள நாணயமும் ஒன்றாக இருக்க வேண்டும். எனவே, வாங்கிய நாணயத்தில் சந்தேகம் எழுந்தால், நிறுவனம் தவறிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், உறை அந்த நிறுவனத்துடையதுதானா என்று பார்ப்பதே முதல் வேலை.

இரண்டாவது மேசைதான் எல்லோரும் சண்டை போடும் இடம். நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரையிலான எண்ணால் குறிக்கும் முறையை 1949இல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்காவின் பழைய பெரிய சென்ட் நாணயங்களுக்காக உருவாக்கினார். அவர் நோக்கத்தில் அந்த எண் விலையோடு பிணைந்திருந்தது: 70 என்ற நிலையில் உள்ளது, 1 என்ற நிலையில் உள்ளதைப் போல எழுபது மடங்கு பெறும் என்பது கணக்கு. விலைக் கணக்கு விரைவிலேயே பொய்த்துப்போனது, அளவுகோல் மட்டும் நிலைத்துவிட்டது. 1977இல் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் தரமதிப்பீட்டு வழிகாட்டி அதை எல்லா வகை நாணயங்களுக்கும் விரித்தது. 1986இல் பிசிஜிஎஸ்ஸும் 1987இல் அதன் போட்டி நிறுவனமான என்ஜிசியும் வேலையைத் தொடங்கியபோது அதுவே சந்தையின் மொழியாகிவிட்டது. புழங்காத நாணயங்களுக்கு மட்டும் 60 முதல் 70 வரை பதினொரு படிகள். 64க்கும் 65க்கும் இடையிலான கோடு எந்தக் கருவியாலும் அளக்கப்படுவதில்லை. பளபளப்பு, அச்சு விழுந்த ஆழம், தழும்புகளின் எண்ணிக்கை, அவை இருக்கும் இடம், மொத்தமாகக் கண்ணுக்குத் தரும் நிறைவு ஆகியவற்றைச் சில நொடிகளில் எடைபோட்டுச் சொல்லப்படும் கருத்து அது. 1990களின் தொடக்கத்தில் கணினியைக் கொண்டு தரமிட முயன்று பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. தரமதிப்பீடு புறவயமானது என்ற விளம்பரத்தை எதிர்த்து 1990இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பிசிஜிஎஸ்மேல் நடவடிக்கை எடுத்தது. அதன்பின் அந்த நிறுவனம் தன் விளம்பரங்களை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டது. கருத்து என்று அவர்களே ஒப்புக்கொண்டதைப் பிழை என்று நாம் நிரூபிக்கப் புகுவது வீண் வேலை.

கருத்தோடு உடன்படவில்லை என்றால் இன்னொரு கருத்தை விலை கொடுத்து வாங்கலாம், அவ்வளவே. மறுமதிப்பீட்டுக்கு அனுப்பலாம்; சில திட்டங்களில் உறையோடு வைத்தே பார்த்து, தரம் உயர்ந்தால் மட்டும் உறையை மாற்றுகிறார்கள். வேறு நிறுவனத்தின் உறைக்கு மாற்றலாம். உறையை உடைத்து நாணயத்தை மீண்டும் வெறுமனே அனுப்புவது துணிச்சல்காரர்களின் வழி. தரம் குறையலாம், சுத்தம் செய்யப்பட்டது என்ற முத்திரைகூட விழலாம். அப்படி உடைப்பவர்கள் பழைய லேபிளை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பாமல் விடுவதால், ஒரே நாணயம், எந்தத் தரத்தில் எத்தனை நாணயங்கள் உள்ளன என்று நிறுவனம் வெளியிடும் எண்ணிக்கை அறிக்கையில் பலமுறை கணக்கிடப்பட்டு, அரியது எது என்ற கணக்கே குழம்பிப்போகிறது. எந்த வழியானாலும், இப்போதைய தரத்தின் விலைக்கும் அடுத்த தரத்தின் விலைக்கும் உள்ள இடைவெளி, கட்டணமும் அஞ்சலும் காப்பீடும் சேர்ந்த தொகையைவிடப் பல மடங்கு இருந்தாலொழிய நான் நகர்வதில்லை. பல நாணயங்களுக்கு அந்த இடைவெளி இருப்பதே இல்லை.

சுத்தம் செய்யப்பட்டது என்ற தீர்ப்பு மட்டும் சற்று வேறு வகை. அதில் எண்ணே கிடைக்காது என்பதால் வலி அதிகம். ஆத்திரப்படுவதற்கு முன், அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு விளக்கின் கீழ் நாணயத்தை மெல்லச் சாய்த்துச் சுழற்றிப் பார்க்க வேண்டும். இயல்பான பளபளப்பு ஒளிப்பட்டையாகச் சுழன்று வரும். துடைத்த நாணயத்தில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய மயிர்க்கோடுகள் ஒரு குறிப்பிட்ட சாய்வில் திடீரென்று தெரியும். பகல் வெளிச்சத்திலும் படத்திலும் மறைந்திருந்தவை அவை. இதைச் செய்து பார்த்த பிறகும் கோடுகள் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மறுமதிப்பீட்டுக்கு அனுப்புவதில் பொருள் இருக்கிறது.

இனித் தாமதம். இதில் கிளம்பும் கோபத்தின் பெரும்பகுதி நாள்கணக்கைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருவது. நிறுவனம் அறிவிக்கும் காலம் வேலை நாட்களில் சொல்லப்படுகிறது. அது பொட்டலம் வாசலை அடைந்த நாளிலிருந்து அல்லாமல், பொதுவாகக் கணினியில் பதிவான நாளிலிருந்தே தொடங்குகிறது. மேலும் அது மதிப்பீடே தவிர வாக்குறுதி அன்று. கூட்டம் மிகுந்த காலங்களில் பிரிக்கப்படாத பொட்டலங்களின் குவியலே தனி வரிசையாக நீண்டுவிடும். 2020, 2021 ஆண்டுகளில் பெருந்தொற்றால் வீட்டில் அடைபட்டவர்கள் சேகரிப்பின் பக்கம் திரும்பியபோது இது எல்லை மீறிப் போனது. பிசிஜிஎஸ்ஸின் சகோதர நிறுவனமான, விளையாட்டு அட்டைகளைத் தரமிடும் பிஎஸ்ஏ, 2021 மார்ச்சில் பல சேவைகளுக்குப் புதிய வரவை ஏற்பதையே நிறுத்திவைத்தது. நாணயத்துறையிலும் அந்தக் காலத்துக் காத்திருப்பை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சாதாரண காலங்களில் தாமதத்துக்குக் காரணங்கள் சில்லறையானவை. மதிப்பீட்டாளர்கள் பெரிய கண்காட்சிகளுக்குச் சென்று அங்கேயே தரமிடும் வாரங்களில் அலுவலக வரிசை நகராது. நாணயச்சாலைகள் புதிய வெளியீடுகளைத் தரும் மாதங்களில் மொத்த வியாபாரிகளின் பெட்டிகள் வந்து குவியும். ஒரே ஆர்டரில் ஒரு நாணயத்துக்கு மட்டும் அச்சு வகை ஆய்வோ பெரிய அளவு உறையோ தேவைப்பட்டால், மற்ற எல்லாமும் அதற்காகக் காத்துக் கிடக்கும். திருமணக் கூட்டத்தில் ஒருவர் தயாராகாததால் வாசலில் நிற்கும் வண்டியைப் போன்ற நிலைமை அது. ஆகவே சிக்கலான நாணயங்களைத் தனி ஆர்டராகப் பிரித்து அனுப்புவதே என் வழக்கம். கூடுதல் அஞ்சல் செலவு, மிச்சமாகும் காத்திருப்புக்கு முன் ஒன்றுமில்லை.

ஆர்டர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் காட்டப்படும் சொல்லைப் பொறுத்து நாம் கேட்க வேண்டிய கேள்வியும் மாறுகிறது. பதிவே ஆகவில்லை என்றால், பெற்றுக்கொண்ட கையொப்பச் சான்றை இணைத்து, பொட்டலம் கட்டடத்துக்குள் இருக்கிறதா என்று மட்டும் கேட்க வேண்டும். இதில் தாமதிக்கக் கூடாது, ஏனெனில் தொலைந்துபோன பொட்டலத்துக்கான காப்பீட்டுக் கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு. மதிப்பீட்டு நிலையில் நின்றால், அறிவித்த காலம் கடக்கும்வரை எழுதிப் பயனில்லை. எழுதினால் வருவது முன்பே தயாரித்த பதில்தான். மதிப்பீடு முடிந்து, உறையிட்டு, இறுதிச் சரிபார்ப்பில் நெடுநாள் நின்றால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். அப்படி நின்ற என் ஆர்டர் ஒன்றைப் பற்றிப் பொறுமையிழந்து விசாரித்தபோது, லேபிளில் இருந்த ஆண்டுப் பிழையைச் சரிபார்ப்பாளர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார் என்று தெரிந்தது. அந்தத் தாமதம் எனக்கு ஒரு சுற்று அஞ்சலையும் ஒரு புகார்க் கடிதத்தையும் மிச்சப்படுத்தியது.

நாணயங்கள் அவர்கள் கையில் இருக்கும்போது, செலுத்திய கட்டணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெற முயல்வது, ஆர்டரை ரத்து செய்யச் சொல்லி மிரட்டுவது போன்ற வீரச்செயல்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கு முடக்கப்பட்டால் நாணயம் திரும்பி வருவதும் சேர்ந்தே தாமதமாகும். ஏலத்துக்குக் கொடுக்கவேண்டிய தேதி நெருங்கும் நாணயத்தை மலிவான அடுக்கில் அனுப்புவதும் அப்படித்தான்: அந்தத் தேதி நிறுவனத்துக்குத் தெரியாது, தெரிந்தாலும் அது அவர்கள் கவலையன்று. நாணயம் அவர்களிடம் தங்கியிருக்கும் காலத்தில் நம் சொந்தக் காப்பீடு அதற்குப் பொருந்துமா என்பதையும், படிவத்தில் நாம் அறிவித்த மதிப்புக்கு மேல் அவர்கள் எதுவும் தரமாட்டார்கள் என்பதையும் அனுப்பும்போதே நினைவில் வைக்க வேண்டும். கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக மதிப்பைக் குறைத்து எழுதுபவர்கள், தொலைந்தால் அந்தக் குறைந்த தொகையோடு நிற்க வேண்டியதுதான்.

முதல் கடிதத்துக்குப் பதில் வராமல் போனால், அதே கடிதத்தைப் பழைய தேதியோடு மேற்கோள் காட்டி மீண்டும் அனுப்புவது, புதிதாக உணர்ச்சி பொங்க எழுதுவதைவிட மேலானது. தொலைபேசியில் பேசினால், பேசி முடித்த கையோடு, பேசியதைச் சுருக்கி ஒரு மின்னஞ்சலில் பதிவு செய்ய வேண்டும். வணிகர் ஒருவர் வழியாக அனுப்பியிருந்தால், நிறுவனத்தின் பார்வையில் வாடிக்கையாளர் அவர்தான். நம் கடிதத்துக்கு அவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லர். அவரிடம் சான்றுகளைக் கொடுத்து அவரையே எழுதச் சொல்ல வேண்டும். ஆண்டு முழுவதும் பெட்டி பெட்டியாக அனுப்புபவரின் சொல்லுக்கு அங்கே தனி எடை இருப்பதும் உண்மை.

திருத்திய நாணயம் திரும்பி வந்ததும் மறுபடியும் அதே சரிபார்ப்பைச் செய்ய வேண்டும். திருத்தத்துக்குப் போன லேபிளில் புதிதாக வேறொரு பிழை நுழைந்து வருவதும் நடக்காததன்று. சான்றிதழ் எண் மாறியிருந்தால் பழைய எண் தரவுத்தளத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டதா என்று பார்த்து, நீக்கப்படவில்லை என்றால் நீக்கச் சொல்லி எழுத வேண்டும், ஏனெனில் உரிமையாளர் இல்லாத உண்மையான எண்களைத்தான் போலி உறை செய்பவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு நம் பட்டியலிலும், காப்பீட்டு ஆவணத்திலும், விற்பனைக்கு முன்பே பகிர்ந்திருந்தால் அந்தப் படங்களிலும் புதிய எண்ணை மாற்றி எழுதிவிட வேண்டும்.